எல்லைக்கல்லுக்கு நாற்பது அடி

"பெரியப்பா, ஒங்களுக்கு யாரு சோறு போடுவாக?" என்று ஒரு குழந்தை என்னைக் கேட்டது.

அறுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. நெடுங்கண்மாய்ப்பட்டியில் ஆசைத்தம்பி என்ற தச்சாசாரியின் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கேட்டவள் அவனுடைய மகள் வள்ளிக்கண்ணு. ஐந்து வயது. ஆசைத்தம்பி என்னை அண்ணன் என்று கூப்பிடுவான். அதனால் அவளுக்கு நான் பெரியப்பா.

"ஊரே போடும்" என்றேன்.

"ஊருன்னா யாரு?"

அவள் அம்மா சொர்ணவல்லி குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "பெரியவுககிட்ட என்னடி வாயாடுற? அவுகளைச் சாப்புட விடு." சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்ற வந்தாள். நான் கையை வைத்து மறைத்தேன். பசி அடங்கியிருக்கவில்லை. ஆனால் யார் வீட்டிலும் இரண்டாம் முறை வாங்குவதில்லை என்று வைத்திருந்தேன்.

என் பெயர் பூமிநாதன். அந்தக் காலத்தில் சிங்கம்புணரியிலிருந்து கீழச்சிவல்பட்டி வரைக்கும் இந்தப் பெயரைக் கேட்டால் சிலர் கும்பிட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். இரண்டும் எனக்குப் பிடித்தே இருந்தது. இப்போது நாற்பத்திரண்டு வயது. காரைக்குடியில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பழைய போராட்டங்களைப் பற்றிக் கேட்க அவ்வப்போது இளைஞர்கள் வருவார்கள். என் நிதானத்தைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் நிதானமானவன்தான். என் வாழ்க்கையில் எதையும் ஆத்திரத்தில் செய்ததில்லை. நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்பதால் உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது.

நான் ஏன் அந்த வழிக்குப் போனேன் என்று கேட்பவர்களிடம் பசி என்று சொல்வேன். மேடையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். உண்மையில் எங்கள் வீட்டில் பெரிய பசி இருந்ததில்லை. என் அப்பா பெரிய வீட்டு நிலத்தை வாரத்துக்கு உழுதவர். அறுப்பு முடிந்ததும் அவர்கள் பங்கு நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டு வளவு வாசலில் நிற்பார். நானும் உடன் போவேன். அந்த வீட்டு ஆச்சி நல்ல மனுஷி. என்னைக் கண்டால் உள்ளே போய் ஒரு கை நிறையச் சீடை கொண்டுவந்து கொடுப்பார். "கும்பிட்டு வாங்கிக்கடா" என்று அப்பா என் பிடரியை அழுத்துவார். ஆச்சி, "புள்ளையை ஏன்ப்பா குனிய வைக்கிறே, அதுபாட்டுக்குத் திங்கட்டும்" என்பார். அப்பாவின் கை பிடரியில் இருந்தது மனதில் தைக்கவில்லை. ஆச்சி கொடுத்த சீடைதான் நினைவிருக்கிறது. என்னை அடித்தவர்களை எல்லாம் காலப்போக்கில் மறந்துவிட்டேன். எனக்குக் கொடுத்தவர்களை மறக்க முடிந்ததில்லை.

படித்தேன். ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். அதை விட்டுவிட்டு வாரதாரர்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தேன். எழுபதாம் வருஷம் தை மாதத்தில் பெரிய வீட்டு நெல் கிட்டங்கியை உடைத்து ஊர் ஊராகப் பங்கு வைத்தோம். அதன்பிறகு ஊருக்குள் இருக்க முடியவில்லை. பிரான்மலைப் பக்கத்துக் காட்டுக்குப் போனோம். நாலு பேர். வண்டியோட்டி தங்கச்சாமி, வாய் ஓயாதவன். ஆடு மேய்த்த சின்னக்கருப்பு, வாயே திறக்காதவன். ஆசைத்தம்பி. அப்புறம் நான்.

ஆசைத்தம்பி வந்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். அவனுக்கு நிலம் இல்லை, வாரம் இல்லை. பெரிய வீடுகளில் கதவுக்குக் கீல் மாற்றவும் உத்தரத்தில் அரித்த இடத்தை ஒட்டுப்போடவும் போய்வந்து கொண்டிருந்தவன். ஏன் வருகிறாய் என்று கேட்டேன். "நீங்க தனியாப் போறீகளேண்ணே" என்றான். அதை ஒரு காரணம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

காட்டில் சில விதிகள் வைத்தேன். திருநீறு கூடாது, தாயத்துக் கூடாது, கயிறு கூடாது. சாமி பெயரைச் சொல்லித்தான் நம்மைக் குனிய வைத்தார்கள் என்று விளக்கினேன். மற்ற இருவரும் அறுத்து எறிந்தார்கள். ஆசைத்தம்பி அரைஞாணில் கட்டியிருந்த தாயத்தை அவிழ்த்து, எறியாமல், துணியில் முடிந்து தன் உளிப்பையில் வைத்தான். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒருவனைப் பற்றித் தெரிந்துகொண்டதை உடனே சொல்லிவிட்டால் அதற்கு மதிப்பு இருக்காது.

அவர்கள் மூவரும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தலைவன் அப்படி இருப்பதுதான் சரி என்று வைத்திருந்தேன். அங்கிருந்து அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்க முடியாது. கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். பல நாள் கையில் கஞ்சியை வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஊகித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எழுபத்தொன்று மாசி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள். ஆசைத்தம்பி என்னை முதுகில் சுமந்துகொண்டு நாலு மைல் நடந்து, தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் வீட்டில் ஊசி போட வைத்துத் திரும்பச் சுமந்து வந்தான். கரண்டி இல்லை என்று பாலை மரக்கட்டையில் ஒரு கரண்டி செதுக்கினான். அதில் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினான். என் துணிகளைத் துவைத்தான். எந்த நிலையில் இருந்த துணிகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு நாளும் அவன் முகம் சுளித்ததில்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுந்து உட்கார்ந்த அன்று தங்கச்சாமி, "அண்ணே, காய்ச்சல்ல என்னென்னவோ பேசுனீக. போலீசுக்காரன் காதுல விழுந்திருந்தா எல்லாரும் உள்ளதேன்" என்றான்.

ஆசைத்தம்பி சிரித்தான். "ரகசியமா பேசுனாக? என்னையப் பார்த்து அம்மா, அம்மான்னுல கூப்புட்டாக. எனக்கு மீசை இருக்கிறதே மறந்துபோச்சு."

மூவரும் சிரித்தார்கள். சின்னக்கருப்புகூடச் சிரித்தான். நானும் சிரித்தேன். சற்று அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். மறுநாள் அந்தக் கரண்டியை அடுப்பில் வைத்தேன். காட்டில் இருக்கிறவனுக்குத் தனிக் கரண்டி தேவையில்லை. ஆசைத்தம்பி எரிகிற கட்டையைப் பார்த்துவிட்டு, "போகட்டும்ணே, ஒடம்பு தேறிருச்சுல்ல" என்று மட்டும் சொன்னான்.

பங்குனி பிறந்தது. இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஆசைத்தம்பி ஊருக்குப் போய்விட்டு விடியுமுன் திரும்பி வந்தான். புதன் மாலையும் போனான். கேட்டதற்கு, "புள்ளைக்குச் சொகமில்லைண்ணே" என்றான். வியாழன் மாலை அவன் கிளம்பும்போது தங்கச்சாமி பிடித்துக்கொண்டான்.

"கலியாணமாகி எட்டு வருசமாச்சு. இன்னும் புதுமாப்பிள்ளை கணக்காப் பொழுது சாஞ்சா ஓடுறானே. டேய், வெட்கமா இல்லை?"

"ஒனக்குப் பொண்ணு குடுக்க ஆளில்லைன்னா என் மேல ஏண்டா எரிச்சல்? வண்டியோட்டிக்கு மாடுதேன் மாமன் மக" என்றான் ஆசைத்தம்பி. மரத்தில் தொங்கிய தூக்குவாளியை எட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளியும் போனான். சனியும் போனான். ஒவ்வொரு விடியலிலும் வாளியில் ஏதாவது கொண்டுவந்தான். ஒருநாள் பச்சரிசிச் சோறு, ஒருநாள் பானகம். மற்ற இருவரும் வாங்கிக் குடித்தார்கள். என் பங்கைப் பாறை மேல் வைத்துவிட்டுப் போவான். தினமும் போகிறவனைக் கவனிப்பது தலைவனின் வேலை. நான் கவனித்தேன்.

ஞாயிறு விடியற்காலை, அவன் திரும்புமுன், போலீஸ் வந்தது. நாங்கள் தப்பிவிட்டோம். இருந்த ஒரு துப்பாக்கி, அரிசி, என் நோட்டுகள் எல்லாம் போயின. ஆசைத்தம்பி ஊரிலிருந்து திரும்பி வந்து, இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, எங்களைத் தேடிக்கொண்டு அலைந்திருக்கிறான். மத்தியானம் பனங்காட்டில் எங்களைக் கண்டுபிடித்தபோது அவன் அழுதான். "நல்லா இருக்கீகளா, மூணு பேரும் நல்லா இருக்கீகளா" என்று ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தான். அவனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு மற்ற இருவரிடமும் என் முடிவைச் சொன்னேன். தினமும் ஊருக்குப் போனவன் அவன் ஒருவன்தான். போலீஸ் வந்தபோது இல்லாதவனும் அவன் ஒருவன்தான்.

தங்கச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அவன் அப்படிப்பட்டவன் இல்லண்ணே. ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம்."

"நான் கேக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கன இருங்க" என்றேன்.

தான் செய்யத் தயங்குகிற வேலையை இன்னொருவனிடம் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

நானும் ஆசைத்தம்பியும் நெடுங்கண்மாய்க் கரை வழியாக நடந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மடைக்குச் சற்று அப்பால் ஊர் எல்லைக்கல் நிற்கும். அதைப் பார்த்ததும் அவன் நடை வேகமானது.

"அண்ணே, பொழுது சாயுறதுக்குள்ள நான் அங்குட்டுப் போயிரணும்."

"எங்குட்டு?"

"ஊருக்குள்ளண்ணே."

"யாரைப் பாக்க?"

அவன் நின்றான். தலையைச் சொறிந்தான். "ஏச மாட்டீகளே?" என்று கேட்டுவிட்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான். புஜத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் துண்டு.

எங்கள் பக்கத்தில் பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன் திருவிழா முடிகிற எட்டு நாளும் ராத்திரியில் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். என் அப்பா ஒருமுறை திருப்பத்தூர்ச் சந்தையிலிருந்து மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"மாசியில ஒங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப நேந்துக்கிட்டேன். எந்திரிச்சு உக்காந்தாகன்னா காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறேன்னு. ஒங்களுக்குப் பிடிக்காதுன்னுதேன் சொல்லலை. மணிக்கட்டுல கட்டுனாப் பாத்துருவீகன்னு பூசாரிகிட்டக் கெஞ்சி மேல கட்டிக்கிட்டேன். இன்னும் மூணு நாளுதேன். முடிஞ்சதும் அவுத்துப் போட்டுட்டு ஒங்க சொல்படி கெடக்கேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் நினைத்துப் பார்த்தது இதுதான். பனங்காட்டில் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் முடிவைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போய், நான் நினைத்தது தப்பு, இவன் எனக்காக நேர்ந்துகொண்டு போயிருக்கிறான் என்று சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள். இவனைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அன்று இரவும் ஒரு சட்டியைச் சுற்றி மூன்று பேர் சிரிப்பார்கள். தங்கச்சாமி இதை ஒரு கதையாக்கி ஊர் ஊராகச் சொல்வான். அதற்குப் பிறகு நான் சொல்கிற எந்த முடிவை யார் கேட்பார்கள்? இதை இப்போதும் நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

"சரி. மூஞ்சியைக் கழுவிட்டுப் போ" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "ஒங்க மனசு எனக்குத் தெரியும்ணே" என்றான். மடைத் தண்ணீருக்குக் குனிந்தான். என்னிடம் அரிவாள் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஒரு காகிதத்தில், காட்டிக்கொடுத்தவன் என்று எழுதி, காற்றில் பறக்காமல் ஒரு கல்லை வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அங்கிருந்து எல்லைக்கல் நாற்பது அடி. அளந்து பார்த்தேன். அவனை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் கிடத்தியிருக்கலாம். அவன் போக விரும்பிய இடம் அது. ஆனால் எல்லைக்குள் ஒரு சாவு விழுந்தால் ஊர்த் திருவிழா நின்றுபோகும். அத்தனை பேருடைய பொங்கலை நான் கெடுக்க விரும்பவில்லை. மற்றவர்களைப் பற்றி நினைக்காதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அதனால் அவன் எல்லைக்கு வெளியே கிடந்தான். மறுநாள் கண்டெடுத்தவர்கள் புஜத்தில் கயிற்றைப் பார்த்தார்கள். காப்பை முறித்து வெளியே தங்கினான், ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. காகிதத்தைப் பார்த்தவர்கள் இன்னொன்று பேசினார்கள். ஒரே மனிதன் சாமிக்கும் துரோகி, ஆளுக்கும் துரோகி ஆனான். ஊரில் அந்த வீட்டுக்குத் திருவிழாவில் எந்தப் பங்கும் இல்லை என்று முடிவாயிற்று.

தங்கச்சாமி அதன்பிறகு பேசுவதை நிறுத்திவிட்டான். சட்டியைச் சுற்றி இரண்டு பேர் இருந்தார்கள், சத்தமே இல்லை. நான் பாறையிலிருந்து இறங்கி வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். வைகாசியில் இருவரும் போலீஸ் சுட்டதில் செத்துப்போனார்கள். அன்றைக்கு நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் போடப் போயிருந்தேன். ஆசைத்தம்பியைக் கொன்றது தங்கச்சாமிதான் என்று அப்புறம் ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எழுபத்திரண்டில் என்னைப் பிடித்தார்கள். விசாரித்த அதிகாரி படித்தவர். காட்டிலிருந்து நான் பத்திரிகைகளுக்குப் போட்ட கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே தபால் முத்திரை. "பத்திரிகையில பேர் வரணும்னு இருந்தவர், பெட்டியையாவது மாத்திப் போட்டிருக்கலாமே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இடத்துக்கு எப்படி வந்தார்கள், வைகாசியில் எப்படி வந்தார்கள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. யார் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி அதோடு முடிந்தது. கிட்டங்கி வழக்கில் தண்டனை கிடைத்தது. எழுபத்தேழில் வெளியே வந்தேன். ஆசைத்தம்பி வழக்கில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

இந்த வருஷம், எழுபத்தெட்டு மாசியில், சொர்ணவல்லி என் அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"நல்லா இருக்கீகளாண்ணே? எளைச்சுப் போயிட்டீக. யாரு சமைக்கிறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூலையில் கிடந்த தட்டைக் கழுவினாள். கொண்டுவந்த சோற்றைப் போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். கீழச்சிவல்பட்டியில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற வேலை செய்வதாக அப்புறம் சொன்னாள்.

"புள்ளை பெரிய மனுசி ஆயிட்டாண்ணே. பதினாலு ஆகுது. அவ வயசுப் புள்ளைக எல்லாம் முளைப்பாரி எடுக்குதுக. எங்களுக்கு மட்டும் விதை குடுக்க மாட்டேங்கிறாக. காப்பு முறிச்ச வீடாம். விதை போட்டாலும் முளைக்காதாம். போன வருசம் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு வந்து சுவத்தோரமாப் படுத்துக்கிட்டா. ஒண்ணும் சொல்லலை. அழுதாக்கூடத் தேவலை."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவுக யாரையும் காட்டிக்கொடுக்கலை. அது எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். ஊரு நம்பலைன்னாப் போகட்டும். காப்பு முறிச்சாகன்னு சொல்றாகளே, அதைத்தேன் தாங்க முடியலை. அஞ்சு ராத்திரியும் வீட்டுல வந்து படுத்தாகண்ணே. கோழி கூப்புடுமுன்ன எந்திரிச்சு ஓடுவாக. நான் சொன்னா, பொண்டாட்டி வேற என்ன சொல்லுவாங்கிறாக. அன்னைக்கும் எல்லைக்குள்ளதேன் வந்துக்கிட்டிருந்தாக, வரவிடாமப் பண்ணிட்டாகன்னு நீங்க ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லணும். ஒங்க மேல அவுகளுக்கு உசுரு. ஒங்களுக்காகத்தேன் கட்டுனாக. நீங்க சொன்னா எடுபடும்."

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, கெட்டுப்போன ஒரு பொருளைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு நிற்கிறவள் போல நின்றாள்.

"சொல்றேன் தாயி. காப்புக்கட்டு அன்னைக்கு வாரேன்" என்றேன்.

அவள் போன பிறகு அறையில் கொஞ்ச நேரம் சோற்று வாசனை இருந்தது. நான் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்குள் ஒன்றைத் திருத்திக்கொண்டேன். பிழை திருத்துகிறவன் தன் பிழையை விடக் கூடாது. மடையருகில் அவன் சட்டையைச் சுருட்டியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது என்பதுபோல உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. வியாழக்கிழமை மாலை அவன் தூக்குவாளியை எட்டி எடுத்தபோது சட்டைக் கை விலகியது. புஜத்தில் மஞ்சள் தெரிந்தது. தினமும் பொழுது சாயும்போது நெடுங்கண்மாய்ப்பட்டியிலிருந்து கொட்டுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வழக்கம் தெரியும். யாருக்காக நேர்ந்திருப்பான் என்பதும் தெரியும். மாசியில் சாகக் கிடந்தவன் ஒருவன்தானே. ஞாயிறு மத்தியானம் பனங்காட்டில் முடிவைச் சொன்னபோது, அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

ஒரு மனிதன் என்னை முதுகில் சுமந்திருக்கிறான், ஊட்டியிருக்கிறான், துடைத்திருக்கிறான். அதோடு விடாமல் என் உயிரையும் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதைச் சொல்லிக்காட்டாமலும் இருக்கிறான். அப்படிப்பட்டவன் முன்னால் ஒருவன் எப்படித் தலைவனாக நடமாட முடியும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருந்தாலும் கொடுத்த வாக்கை நான் மீறுகிறவன் இல்லை. காப்புக்கட்டுச் செவ்வாயன்று அச்சகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் நெடுங்கண்மாய்ப்பட்டி விலக்கில் இறக்கிவிட்டபோது மணி ஒன்று. பொழுது சாய்ந்ததும் ஊர் முழுக்கக் கோயிலில் கூடும், ஊர்த்தலைவரான அம்பலகாரர் முன்னால் நிற்பார், பூசாரி காப்புக் கட்டுவார், பெண்கள் விதை வாங்க வரிசையில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு மணிக்குப் போனேன். கூட்டத்தின் முன் நான் நிறையப் பேசியிருக்கிறேன். கூட்டத்தில் சொல்கிற எதுவும் முழு உண்மையாக இருப்பதில்லை. தவிர, நல்ல நாளில் கொலைப் பேச்சை எடுப்பது அந்த ஊருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

தெருவில் ஆள் இல்லை. கோயில் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருட்டில் அம்மனின் முகம் தெரியவில்லை, மூக்குத்தி மட்டும் தெரிந்தது. செருப்பைக் கழற்றினேன். தரை சுட்டது. போட்டுக்கொண்டேன். கம்பிக்கு நேரே நின்று தெளிவாகச் சொன்னேன்:

"ஆசைத்தம்பி காப்பை முறிக்கவில்லை. எல்லைக்குள் வந்துகொண்டிருந்தவனை வரவிடாமல் செய்தது நான். அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. எனக்கு அது முன்பே தெரியும். அவனைக் கொன்றவன் நான்."

ஏழு வருஷத்தில் முதல்முறையாக அந்த வாக்கியங்களை வாய்விட்டுச் சொன்னேன். வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. வரலாம் என்று சற்று நேரம் நின்றேன். என் மனதில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல இருந்தது.

அங்கிருந்து சொர்ணவல்லி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். வள்ளிக்கண்ணு ஒரு புதிய மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் நிலைக்கதவை ஒட்டி நின்றாள். ஆசைத்தம்பியின் நெற்றி.

"சொல்லியாச்சு தாயி" என்றேன்.

"கோயில்லயா?"

"கோயில்லதேன்."

"எல்லாத்தையும் சொன்னீகளாண்ணே?"

"எதையும் விடலை."

"அம்பலகாரரு என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலை. யாரும் மறுத்துப் பேசலை."

இதில் ஒரு சொல் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொர்ணவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் மகளைப் பார்த்து, "தலையை வாரிக்கடி. பொழுது சாய ஓலைப்பெட்டியை எடுத்துக்கிட்டு எல்லாரோடயும் போவோம். விதை குடுப்பாக. பெரியப்பா சொல்லிட்டாகள்ல" என்றாள். என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்படிப்பட்ட வழக்கங்களை நான் ஏற்பதில்லை.

நாலு மணி பஸ் பிடித்துக் காரைக்குடிக்கு வந்துவிட்டேன். அன்று மாலை அவர்கள் இருவரும் வரிசையில் போய் நின்றபோது என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவள் அதன்பிறகு வரவில்லை. அறையில் பழையபடி நான் மட்டும்தான். ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது. சொல்ல வேண்டியது என் கடன், அதைத் தீர்த்துவிட்டேன். கேட்க அங்கே யாரும் இல்லாததற்கு நான் பொறுப்பில்லை. அது மத்தியான வேளை.